இருபத்தைந்து மடங்கு

ஆகஸ்ட் பத்து.
பனிமான் வேட்டை திறக்க இன்னும் பத்து நாள்.
கெய்லோவில், ரயில் நிலையத்துக்குப் பின்னால்,
சிக்பியோர்ன் மூன்று ஸ்கோப்புகளை
மேசையில் வைக்கிறான்,
விலைச்சீட்டைத் தன் பக்கம் திருப்பி.

மூன்றாவதைத் தொடும்போது மட்டும்
அவன் குரல் தேவாலயத்துக்குள் நுழைந்துவிடுகிறது.
இருபத்தைந்து மடங்கு.
திருகில் ஒரு சொடுக்கு, நூறு மீட்டரில்
ஒரு சென்டிமீட்டர். பிசகாது.
என் காதருகே வைத்துத் திருகிக் காட்டுகிறான்,
டிக், டிக்.
உண்மைதான், நல்ல சத்தம்.
எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.
அந்த விலைக்கு என் வண்டிக்கு
நான்கு குளிர்கால டயர் வரும்,
மிச்சத்தில் கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச்சிகிச்சையே முடிந்துவிடும்.

கடை விளக்கில் எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான்.
வெளியே கொண்டு வா என்றேன்.
பொழுது சாயட்டும்.

ஏரிக்கு அக்கரையில் ஒரு படகுக்கொட்டகை,
அறுநூற்று இருபது மீட்டர்.
மணல்மூட்டைமேல் முதலாவதை வைத்துப் பார்த்தேன்:
நடுவில் கொட்டகை, ஓரமெல்லாம் கஞ்சி.
இரண்டாவதில் கதவும் தாழ்ப்பாளும்.
மூன்றாவதில்
தாழ்ப்பாளின் துரு,
ஆணியில் யாரோ மாட்டிப் போன ஒற்றைக் கையுறை,
அதன் கட்டைவிரலில் ஒரு கிழிசல்.

பிறகு கொட்டகை ஆடத் தொடங்கியது.
நிலநடுக்கமில்லை, என் நாடி.
அதையும்தானே பெருக்கும்.
மூச்சைப் பாதி விடு என்றான்.
பாதி விட்டேன், பாதி ஆடியது.
இருட்ட இருட்ட முதலில் கண்மூடியதும் அதுதான்:
பெருக்கிய இடத்தில் வெளிச்சம் மெலிகிறது,
கையுறை போயிற்று, கதவு போயிற்று.

பழி சொல்லவில்லை.
ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்கிப் போய்
அறுநூறில் இரும்புத் தகட்டைச் சுட்டேன்.
பத்துக்கு ஒன்பது.
கிட்டத்தட்ட மூன்று நொடி கழித்து
ஒவ்வொரு முறையும் மணிச்சத்தம் திரும்பி வரும்,
சிரித்துவிட்டேன் சின்னப் பிள்ளைபோல.
தகடு நகராது. தகட்டுக்கு வலிக்காது.
தகட்டுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை.

போன வருஷம் நானூற்றுப் பத்து மீட்டர்.
ராங்ஹில் பக்கத்தில் படுத்து, சுடு சுடு என்றாள்.
மயிரிழையில் தப்பியது என்கிறோமே,
அந்த மயிரிழை இதற்குள்தான் இருக்கிறது,
கண்ணாடியில் கீறி வைத்திருக்கிறார்கள்.
அதை மார்பின்மேல் சரியாகத்தான் வைத்தேன்.
எனக்கும் மானுக்கும் நடுவில் ஒரு பள்ளம்,
பள்ளத்துக்கென்று தனியாக ஒரு காற்று.
அந்தத் தூரத்தில் அது குண்டை
ஒரு முழம் தள்ளும்.
என் கன்னத்தில் காற்றே இல்லை.

தப்பவில்லை அது.
தப்பியிருக்கலாம்.
பின்னங்கால்.
இரண்டு நாள் இரவல் நாயோடு தேடினோம்,
மூன்றாம் நாள் அண்டங்காக்கைகள் காட்டிக்கொடுத்தன.

அன்றைக்கு என்னிடமிருந்த ஸ்கோப்பில்
ஒரு குறையும் இல்லை.
ஸ்கோப் சரியில்லை என்றுதான்
ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.
சொன்ன சொல்லுக்காக இப்போது
புதிதாக ஒன்று வாங்கியாக வேண்டும்.

இரண்டாவதைக் கையிலெடுத்துக் கேட்டேன்,
இது கீழே எவ்வளவு இறங்கும்?
சிக்பியோர்ன் விழித்தான்.
மேலே எவ்வளவு ஏறும் என்றே
இதுவரை எல்லோரும் கேட்டிருக்கிறார்களாம்.
இரண்டரை, என்றான். உச்சியே பத்துதான்.
முந்நூறுக்கு மேல் கஷ்டப்படுவாய்.
மேலே உள்ளதை நடந்துகொள்கிறேன் என்றேன்.
காசை எண்ணி வாங்கிக்கொண்டான்.
கண்ணாடி மூடியைத் தர மறந்து
வண்டி வரைக்கும் ஓடி வந்தான்.

மூன்றாவதை மறுநாளே ராங்ஹில் வாங்கிவிட்டாள்.
அவளோடு சண்டை, போனில், முக்கால் மணி நேரம்.
கண்ணுக்கு எட்டியதெல்லாம் கைக்கு எட்டியதாகுமா என்றேன்.
உனக்கு வயிற்றெரிச்சல் என்றாள்.
கொஞ்சம் இருக்கிறது.

இருபதாம் தேதி ஒரே மலைக்குத்தான் போகிறோம்.
எந்தக் கல்லுக்குப் பின்னால் நிற்கிறது என்று
அவள் பார்த்துச் சொல்வாள்.
நான் தவழ்வேன்.
கால்சட்டையின் முழங்காலில் ஒட்டுப் போட்டாயிற்று,
இடது பக்கத்துக்கு இரண்டு.