ஒப்பீட்டுக் குழு

உடம்பில் உலோகம் ஏதும் உண்டா?
படிவத்தைப் பார்த்துக் கேட்கிறேன்.
ஊலி ட்ஸ்பிண்டன், ஐம்பத்தொன்பது வயது,
சிரிக்கிறார். முன்பற்கள் நான்கும்
மனைவியின் கைப்பைக்குள் இருக்கின்றன.

தாடையில் ஒரு தகடு, லாங்னாவில்.
தோளில் இரண்டு திருகாணி, லுகானோவில்.
தன் உடம்பை அவர்
ஊர் ஊராகத்தான் சொல்கிறார்.
"மூன்று" என்கிறார் வ்ரேனி, வாசலில் நின்றபடி.

பதினெட்டு வருடம் ஐஸ் ஹாக்கி, பின்களம்.
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்போம்.
இவருடைய தலைப்பாகை
ஒவ்வொரு முறையும்
கீறலில்லாமல் வீடு வந்து சேர்ந்தது.

அசைய வேண்டாம், டொச்சில் சொல்கிறேன்.
நாற்பது நிமிடம்
தகரத்தில் ஆணி அடிக்கும் சத்தம்.

படம் எடுப்பதுதான் என் வேலை.
தலையெழுத்தை வாசிப்பவர்கள் மூன்றாம் மாடியில்.
ஆனாலும் இருபது வருடக் கண்;
சாம்பல் விளிம்பு ஒதுங்கி ஒதுங்கி
நடுவே நீர் நிற்கும் இடம் அகன்றிருப்பது
தெரியாமலா போகும்?
ஆறிய தேநீரைக் குடிக்கிறேன்.

இந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைக்க
நல்ல மண்டைகள் வேண்டும் என்றார் டொக்டர் ஷ்ப்ருங்கர்.
அடிபடாதவை.
போன மாதம் வேலை முடிந்தபின் நானே படுத்தேன்.
நூறு பிராங், ஒரு காப்பிக் கூப்பன்.
எழுபத்து மூன்றாம் எண் நான்.

தலையில் அடிபடக்கூடிய விளையாட்டு
எதுவும் ஆடியதுண்டா?
இல்லை என்ற கட்டத்தில் ஒரு சரி.
பேனாவுக்குக் கூடத் தயக்கமில்லை.

பதினொரு வருடம், ஞாயிறு தவறாமல்,
பீல் தமிழ்க் கழகத்துக்காக நின்றவன்.
மழையில் ஊறிய பந்து
மூலையிலிருந்து எழும்பி வரும்போது
"தயா, தலை!" என்று கத்துவான் கோல் கீப்பர்.
கொடுப்பேன்.
விபூதி பூசும் இடத்துக்குச் சற்று மேலே.
ஒருமுறை சூரிச்சில் விழுந்து எழும்பியபோது
எது எங்கள் கோல் என்று தெரியவில்லை.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
அதை யார் அடி என்று சொல்வார்கள்?

இனி ஊலியின் தலை எவ்வளவு தேய்ந்தது என்று
என் தலையை வைத்து அளப்பார்கள்.

வெளியே வந்து சப்பாத்துக்குள் கால் நுழைக்கையில்
என்னை ஏற இறங்கப் பார்த்து
"நீ எந்த அணி?" என்கிறார்.
"மன்னியுங்கள்" என்கிறார் வ்ரேனி,
"அவருக்கு எல்லோரும் ஆட்டக்காரர்தான்."

"பீல்" என்றேன். "பின்களம்."

தலையசைத்தார், தெரிந்ததுதான் என்பதுபோல.
பிறகு என் நெற்றியை, சரியாக அந்த இடத்தை,
விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

அவர்கள் போனபின் லிஃப்டை அழைத்தேன், மூன்றாம் மாடிக்கு.
வந்தது. திறந்தது.
மூடிக்கொண்டது.
மறுபடி அழுத்தினேன்.