பதினாலாம் இலக்கச் சுண்டெலி

பதினாலாம் எலி தன் நெஞ்சை நக்கி நக்கி
மயிரில்லாத ஒரு வட்டம் ஆக்கிவிட்டது.
குறிப்பேட்டில் எழுதுகிறேன்:
இடப்பக்கம், ஐந்து ரூபாய்க் குற்றியளவு.
எழுதிவிட்டு,
கட்டைவிரல் நகத்தடியில் நான் உரித்த தோலை
மேசைக்குக் கீழே ஒளிக்கிறேன்.
அதற்கு இலக்கமில்லை.

காலையில் காஸை மூன்று தரம் பார்த்தேன்.
நாலாம் மாடியிலிருந்து இறங்கி
வெள்ளவத்தைச் சந்தைவரை நடந்து
திரும்பி ஏறி, பூட்டை இழுத்துப் பார்த்தேன்.
பூட்டு பூட்டாகத்தான் இருந்தது.
அதற்குள் இரண்டு பஸ் போய்விட்டன.

கின்சி வீதியில் மழை.
டொக்டர் ரிஸ்மியா ஈரக் குடையை உதறியபடி சொல்கிறார்:
நூறு வருஷமா நரம்பையே கேட்டுக்கொண்டிருந்தம்.
மின்னினதெல்லாம் நரம்பு, பேசினதெல்லாம் நரம்பு,
மிச்சமெல்லாம் பசை.
பெயரும் அதுதானே, கிளியா.
ஒட்டுகிற சாமான்.

பயத்தின் பிரேக் அந்தப் பசைக்குள்ளும் இருக்கிறதென்று
எலிகள் காட்டத் தொடங்கியிருக்கின்றன.
மைக்ரோகிளியாவில் ஒரு வகை மிதிக்குமாம்,
இன்னொரு வகை பிடிக்குமாம்.
பிடிப்பது பழுதானால் எலி நக்கும்.
நக்கி நக்கித் தன்னையே புண்ணாக்கும்.

போன கிழமை பம்பலப்பிட்டிச் சந்தியில்
ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:
பிரேக் கொஞ்சம் லூஸ், மிஸ். பயப்படாதீங்க.

தேத்தண்ணி ஆறிய பிறகு
டொக்டர் இன்னொன்றும் சொன்னார்:
இந்தக் கலங்கள் மூளையில் பிறந்தவையல்ல.
கரு கடுகளவாய் இருக்கையில்
மஞ்சட்கருப் பையிலிருந்து புறப்பட்டு
கதவு அடைபட முன் உள்ளே வந்து
தங்கிவிட்டவை.
வந்த நாளிலிருந்து ஓயாமல் கை நீட்டி
ஒவ்வொரு சந்தியாய்த் தடவிப் பார்க்கின்றன.
செத்ததை அள்ளுகின்றன.
வேண்டாத இணைப்பை அறுக்கின்றன.

பொலிஸில் பதிந்தார்களா என்று
நான் கேட்கவில்லை.
வாய்வரை வந்தது.

தொண்ணூற்றொன்பதில், கொட்டாஞ்சேனை லொட்ஜில்
எனக்கு ஏழு வயசு.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
அம்மா எழுதியது: கண் வைத்தியம்.
எங்கள் ஒருவருக்கும் கண்ணில் ஒன்றுமில்லை.
இரவு இரண்டு மணிக்குக் கதவு தட்டுவார்கள்.
தட்டாத இரவுகளில்
தட்டுவார்களென்று விழித்திருப்போம்.
அந்த டோர்ச் வெளிச்சத்தில் வேலைக்குச் சேர்ந்த ஏதோ ஒன்று
எனக்குள் இன்னும் படிவங்களைப் புரட்டுகிறது,
பூட்டை இழுத்துப் பார்க்கிறது,
கைப்பைக்குள் ஐசியைத் தடவுகிறது.
அதை வேலையிலிருந்து நிறுத்த
எனக்குத் தெரியவில்லை.

இரவு எட்டு மணி.
நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு வெட்டுத்துண்டு,
போன மாதம்வரை பதினோராம் எலியாய் இருந்தது.
பச்சைச் சாயமேறிய கலங்கள்
கிளைவிட்ட கைகளோடு
இருட்டில் தள்ளித் தள்ளி நிற்கின்றன.
ஒன்றின் கை மற்றதில் முட்டாது.
அவ்வளவு மரியாதை.

எண்ணுகிறேன்.
நாற்பத்தைந்து. நாற்பத்தாறு.
நெஞ்சு படபடக்கவில்லை என்பதை
நாற்பத்தேழில்தான் கவனித்தேன்.
கவனித்ததில் கணக்குத் தவறிவிட்டது.

விளக்கணைக்க வந்த சத்துரிக்கா
தவமத் எண்ணுறீங்க என்றாள், பாதி சிங்களத்தில்.
ஓம், திரும்ப முதலிலிருந்து.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு கதிரையை இழுத்துப் போட்டு
பக்கத்தில் இருந்தாள்
போனைப் பார்த்துக்கொண்டு.

பின்னால் கூட்டுக்குள்
பதினாலின் மரத்தூள் சரசரப்பு
கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு தொடங்கியது.