கச்சான்

வைகாசி பிறந்து பன்னிரண்டாம் நாள்
தகரக் கூரையின் ஆணிகள் கதைக்கத் தொடங்கும்.
அன்றோடு எனக்கு நித்திரை போய்விடும்.

மூன்று வருசமாய் இப்படித்தான்.
போன முறை இரவு இரண்டு மணிக்கு
உப்புவெளியிலிருந்து கோட்டையடி வரை நடந்து
கடைவாசல்களில் படுத்துக்கிடந்த மான்களை எழுப்பி
ஆளுக்குப் பத்துப் பேர்ச்சஸ் காணி எழுதிக் கொடுத்தேன்,
உறுதியோடு.
பொலிஸ்காரர் சிரித்தாராம்.
அண்ணா சிரிக்கவில்லை.

"ஞாயிறே காத்துத் தொடங்கிட்டு,
இன்னும் காணல்லையே எண்டு பார்த்தன்"
என்றார் ஜெசீமா மிஸ்,
ஏழாம் கட்டிலுக்கு விரிப்புப் போட்டபடி.
இந்த மாதங்களில் வாட்டில் பாயும் போதாது.
எல்லோருக்கும் சொல்ல இருக்கிறது, கேட்க ஆளில்லை.
மூலையில் நிற்கும் மின்விசிறி மட்டும்
எல்லாவற்றையும் கேட்டு
இல்லை, இல்லை என்று தலையாட்டும்.

"லித்தியமும் ஓர் உப்பு" என்றார் டொக்டர்.
"வியர்த்து வற்றினால் இரத்தத்தில் ஏறும்."
நிலாவெளி உப்பளத்தில் ஒன்பது வருசம் கணக்கெழுதியவள் நான்.
பாத்தி வற்றினால் என்ன ஆகும் என்று
எனக்கா சொல்கிறார்.
தண்ணீர்ப் போத்தலை அணைத்தபடி
என்னை நானே காவல் காத்தேன்.

கட்டிலோரச் சுவரில் யாரோ கீறியிருந்தார்கள்:
"மழை எப்ப விடும்?"

அது ஒரு மூதூர்ப் பிள்ளை, என்றார் மிஸ்.
கார்த்திகையில் வருவா,
வாடை எழும்பி லோஞ்ச் ஓடாத கிழமைகளில்.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால்
தை பிறக்கும் வரை இந்தப் பக்கம் திரும்பமாட்டா.

ஒரே கட்டில்.
மெத்தையில் ஒரே பள்ளம்,
பாதி நான் துள்ளியது, பாதி அவள் கிடந்தது.
கொண்டையூசியால் கீழே எழுதினேன்:
"இங்க ஒரு துளியும் இல்லை. கொஞ்சம் அனுப்பு."

ஆவணியில் வீட்டுக்கு விட்டார்கள்.
அண்ணா ஒன்றும் கேட்கவில்லை.
கூரை முழுக்கப் புது ஆணி அடித்து வைத்திருந்தான்.

ஐப்பசி கிளினிக்.
இரண்டு காற்றுமில்லாத ஒரு நாள்.
வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள்
காய்ந்த குடையொன்றை மடியில் வைத்திருந்தாள்.
கடற்பக்கம் ஒருமுறை இடித்தது.
குடைக்காம்பில் அவள் விரல்கள் வெளுத்தன.

நான் கடதாசிச் சரையை நீட்டினேன்.
"கச்சான்?"
"காத்தா, கொட்டையா?"
"வறுத்தது."

ஒன்றை உடைத்தாள்.
உள்ளே இரண்டு.
ஒன்றை என் கையில் வைத்துவிட்டு
மற்றதை வாயில் போடாமல்
வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.