எதிர்மனுதாரர்

மழைக்கோட்டைக் கழற்றாமலே வந்து உட்கார்ந்தார்
சேரம்பாடி ராசையா.
நாலு மணி நேரப் பஸ்.
முழங்கால் வரை தேயிலைக்காட்டுச் செம்மண்.
ஊட்டியில், கலெக்டர் ஆபீஸ் போகும் ஏற்றத்தில்
என் டைப்ரைட்டர், என் தார்ப்பாய்.
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.

"போன் மேல கேஸ் போடணும்."

போன் மேல் போட முடியாது,
பேசியவர் மேல் போடலாம் என்றேன்.
"பேசுனது யாருமில்லீங்க.
ஒரு பொண்ணு குரல். மூச்சே விடாது."

முதல் வருஷம் அவர் மனைவி செல்லக்கிளி
அந்தக் குரலுக்கு மரியாதையாகத்தான்
பதில் சொல்லியிருக்கிறாள்.
கடன் வேணாம்மா, சங்கத்துல வாங்கியிருக்கு.
நீ சாப்பிட்டியா?
குரல் ஒன்றை அழுத்தச் சொன்னது.
பாவம், சொல்கிறாளே என்று அழுத்தினாள்.
அன்றிலிருந்து அதற்கு அக்கா தங்கைகள் பிறந்தார்கள்:
இன்சூரன்ஸுக்கு ஒருத்தி,
கோயம்புத்தூரில் வீட்டுமனைக்கு ஒருத்தி,
காது மெஷினுக்கு ஒருத்தி.
தேர்தல் வந்தால் மட்டும் ஒரு ஆம்பிளை.

தொல்லை வேண்டாம் என்று
பத்தொன்பது பூஜ்யம் ஒன்பதுக்குச் சொல்லச் சொன்னார்கள்.
சொன்னார்.
"உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது" என்றது
அதே குரல்.

என் மெஷினில் 'ழ' சரியாக விழாது.
அழைப்பு என்று வரும் இடமெல்லாம்
பேனாவால் காலை இழுத்துவிட வேண்டும்.
இந்த மனுவில் அது இருபத்திரண்டு முறை வந்தது.

ஐப்பசி, நல்ல மழை.
லயத்தில் சிக்னல் நிற்பது
சமையல்கட்டு ஜன்னல் கம்பியில் மட்டும்.
கம்பியில் கட்டித் தொங்கவிட்ட போன்
ஆறரைக்கு அடித்தது. கடன்.
ஏழுக்கு. ஏழு பத்துக்கு. மனை, மறுபடி கடன்.
எட்டேகாலுக்கு ஈரக் கையோடு ஓடி எடுத்தால்
"வாழ்த்துகள்!"
ஒன்பது இருபதுக்கு அடித்ததை
ராசையா பார்க்காமலே கட் பண்ணினார்.

அது வனத்துறை.
ஒற்றைக் கொம்பன் உங்கள் குடியிருப்பை நோக்கி வருகிறது,
வெளியே வராதீர்கள், விளக்கைப் போட்டு வையுங்கள்.
அதுவும் பதிவு செய்த குரல்தான்.
இவரே கேட்டு, கைநாட்டு வைத்து, நம்பர் கொடுத்தது.

சுவர் உள்பக்கமாக விழுந்தது.
ரேஷன் அரிசி, உப்பு, அரை மூட்டை புண்ணாக்கு.
செல்லக்கிளிக்கு மணிக்கட்டு.
அவ்வளவோடு போச்சு என்றார்,
ஏதோ யானை தயவு பண்ணியது போல.
விடியற்காலை
இடிந்த கல்லுக்கு அடியிலிருந்து போன் அடித்ததாம்.
யாரும் தோண்டி எடுக்கவில்லை.

சட்டம் வருகிறது என்றேன்.
பேப்பரில் வந்த வரைவை
வெட்டி வைத்திருந்தேன், படித்துக் காட்டினேன்:
ஒப்புதல் பெறாமல், இயந்திரக் குரலால்,
வணிக நோக்கில் செய்யப்படும் அழைப்புகள் குற்றம்.
பொதுமக்கள் பாதுகாப்புக்கானவை நீங்கலாக.

"நீங்கலாகன்னா?"
அதற்குத் தடையில்லை.
"அப்ப யானை நீங்கலா?"
நீங்கல்.
கொஞ்ச நேரம் தார்ப்பாயில் மழையைக் கேட்டார்.
"அடிக்கிறப்ப ரெண்டும் ஒரே மாதிரிதானே அடிக்கும்?
எடுத்தாத்தானே நீங்கலா இல்லையான்னு தெரியும்?"

வரைவைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் பூண்டு விலை.

சரி, தாளைப் போட்டேன்.
மனுதாரர்: ராசையா, தகப்பனார் பெயர் மாரிமுத்து,
ஏழாம் நம்பர் லயம்.
எதிர்மனுதாரர்,
என்று அடித்து, இரண்டு புள்ளி வைத்து,
விரலை எடுத்துவிட்டேன்.
பத்து இலக்க நம்பர் ஒன்று இருந்தது.
திருப்பிக் கூப்பிட்டால்
அப்படியொரு எண்ணே உபயோகத்தில் இல்லை என்கிறது,
அதையும் அவள்தான் சொல்கிறாள்.

அப்போது என் போன் அடித்தது.
தெரியாத நம்பர்.
ஊட்டி டவுனுக்குள் எந்த யானையும் வராது.
குதிரைப் பந்தய மைதானத்தை மேகம் மூடிக்கொண்டிருந்தது.
கட் பண்ணப் போனேன்,
ராசையா என் கையைப் பிடித்தார்.
"எடுத்துருங்க."

எடுத்தேன். வணக்கம் என்றாள், மூச்சு விடாமல்.
அவர் மேசை மேல் குனிந்து
மெதுவாக, அவளுக்குக் கேட்டுவிடாதபடி சொன்னார்:
"பேரைக் கேளுங்க.
கேஸுக்கு வேணும்."