பன்னிரண்டாம் பக்கத்துக்குள்

ரதோவான் சொல்லிவிட்டான்:
முதல் முத்தம் பன்னிரண்டாம் பக்கத்துக்குள்.
சட்டைப் பொத்தான் பத்தொன்பதில்.
நாயகன் தீயணைப்பு வீரன்.
போன மாதம் பனிச்சறுக்கு வீரன் விற்றான்,
அதற்கு முன்னால் கோடீஸ்வரன்,
அவனுக்கு இப்போது மவுசு இல்லை.
"அப்புறம் மழை வேண்டாம், ஸ்டெங்கா.
மழைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை."

ஒஸ்ட்ராவாவில் எட்டாம் மாடி.
ராத்திரி பதினொன்றுக்கு ஹீட்டர் மூச்சை நிறுத்தும்.
கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி மாட்டிக்கொண்டு
வியர்வையில் நழுவும் முதுகுகளை எழுதுகிறேன்.
வார்த்தைக்கு இவ்வளவு என்று கணக்கு.
ஆகவே என் நாயகிகள்
ஒருமுறை பெருமூச்சு விடுவதில்லை,
மூன்று முறை விடுவார்கள்;
மூன்றாவதில் தக்காளி வந்துவிடும்.

கூலிக்கு மாரடிக்கிறவளுக்கும்
கை வலிக்கத்தானே செய்யும்.
சில ராத்திரி அழுகை நிஜமாகவே வந்துவிடும்.
நூற்று நாற்பத்தாறு படுக்கை விரித்தவள் நான்.
வாக்கியத்தை எங்கே ஒடித்தால்
படிக்கிறவரின் மூச்சு அடுத்த வரிக்குத் தாவும் என்று
எனக்குத் தெரியும்.
அட்டையில் இருக்கும் மிஷேல் லவாந்துக்குத் தெரியாது,
அவள் ஒரு சோப்பின் பெயர்.

சமையல் மேடையின் மூன்றாம் இழுப்பறையில்
மாவுச் சல்லடைக்கு அடியில் ஒரு நோட்டு.
அதில் ஒரே ஒருவன்.

ஓட்டகர். டிராம் பணிமனை.
வண்டியின் கூரைமேல் ஏறி
மின்கம்பியை உரசி உரசித் தேயும் கரிப்பட்டையை
மாற்றுகிற வேலை.
எத்தனை சோப்புப் போட்டாலும்
ரேகைகளில் கொஞ்சம் மிச்சமிருக்கும்.
எங்கெல்லாம் தொட்டான் என்று
அவன் படியிறங்கிப் போன பிறகே தெரியும் எனக்கு.
கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கழுத்தைத் திருப்பி,
இடது தோள்பட்டைக்குக் கீழே நான்கு விரல்.
இடுப்பில் ஒரு பெருவிரல், மங்கலாக,
தயங்கியிருக்கிறான் அங்கே.
தொடையின் உட்புறம் ஒரு சின்னக் கோடு,
யாரோ எழுத ஆரம்பித்து
பேரைக் கேட்டு எழுந்து போன மாதிரி.

அந்த நோட்டில் மட்டும் பென்சிலால் எழுதுகிறேன்.
பதினொரு வருடம், நாற்பது பக்கம்.
அவன் புர்னோவுக்கு மாற்றலாகிப் போய்
மீசை வைத்து, மீசையை எடுத்து,
இரட்டைக் குழந்தைகளுக்குத் தகப்பனும் ஆகிவிட்டான்.
நோட்டில் இன்னும் சட்டையைக் கழற்றவில்லை.

பிப்ரவரியில் முந்நூறு வார்த்தை குறைந்தது.
விடிந்தால் கெடு.
மின்சார பில் காந்தத்துக்கு அடியிலிருந்து பார்த்தது.
சல்லடையை நகர்த்தினேன்.
தீயணைப்பு வீரனின் கையில் புகைக்கரி பூசினேன்,
ஓட்டகரின் பெருவிரலை எடுத்து
அந்த உப்புச்சப்பில்லாத பெண்ணின் இடுப்பில் வைத்தேன்.
தயக்கத்தை மட்டும் அடித்துவிட்டு
'அழுத்தமாக' என்று போட்டேன், விற்பதற்காக.
அனுப்பினேன்.
அடகுக் கடைக்குப் போய் வந்தவள் போல
கதவைச் சாத்திக்கொண்டு குளித்தேன், வெகுநேரம்.

வியாழக்கிழமை பதில் வந்தது:
"பிரமாதம். எழுபத்தொன்றாம் பக்கத்தில்
அந்தக் கரிச் சமாச்சாரத்தை எடுத்துவிட்டேன்.
கதை அங்கே நின்றுவிடுகிறது."

நிற்கும்தான்.
நானும் பனியன் போடாமல்
கண்ணாடி முன்னால் அப்படியே நின்றிருக்கிறேன்,
அடுப்பில் பால் பொங்கி வழிய.

ஐந்நூற்றுப் பன்னிரண்டு கொருனா கழித்துக்கொண்டான்.
இத்தனை மலிவாக எதையும் நான் மீட்டதில்லை.
கொஞ்சம் கோபமும் வந்தது, பொய் சொல்வானேன்.
நல்ல பக்கம் அது.

அடுத்தவன் கால்நடை மருத்துவனாம்.
முத்தம் பத்தாம் பக்கத்துக்குள்.
சரி என்று எழுதிவிட்டேன்.

கீழே கடைசி டிராம் திரும்புகிறது,
கம்பியில் ஒரு நீலப்பொறி.
பென்சிலைச் சீவிக்கொண்டேன்.
நாற்பத்தொன்றாம் பக்கம்.
'அழுத்தமாக'வை எடுத்துவிட்டு
மேல் பொத்தானுக்கு வந்திருக்கிறேன்.
அவசரமில்லை.