கீல்

"எதற்கு வேண்டும் அக்கா?
விளையாடவா, படம் வெட்டி ஒட்டவா?"
கடைப் பையன் தெமூலென் கேட்கிறான்.
செத்த ஆடுகளை எண்ண, என்கிறேன்.
சிரிக்கலாமா என்று ஒரு கணம் என் முகத்தைப் பார்க்கிறான்.

உலான்பாத்தரில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
பழையது என் பைக்குள், கம்பளித் துண்டில் சுற்றி,
காய்ச்சல்காரியைக் கூட்டி வந்த மாதிரி.
ஒன்பது வருஷம்.
அறுபது சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே
அணைந்துவிடும்.
பொய் என்று சொல்ல மாட்டேன்.
குளிரில் அதன் பலம் அதற்கே தெரிவதில்லை.

வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட எங்கள் எழுத்து ஒன்று,
அந்தப் பொத்தான் உதிர்ந்து மூன்று வருஷம்.
அடியிலிருக்கும் ரப்பர் மொட்டை நகத்தால் அழுத்துவேன்.
குளிர்காலம், பணம், கடன்
மூன்றுக்கும் எங்கள் மொழியில் அந்த எழுத்து வேண்டும்.
என் அறிக்கையில்
மிச்சம் என்ன இருக்கிறது?

ரசீதின் பின்பக்கம் பட்டியல் எழுதி வந்திருக்கிறேன்.
பதினாறு ஜிபிக்குக் குறைந்து வாங்காதே:
இது அலுவலகத்துப் புரெவ்டோர்ஜ்.
எடை. பனியின் கூச்சத்தில் தெரிகிற திரை.
விரல் நுனி வெட்டிய கையுறையோடு அடிக்க
அகலமான விசைகள்.
கடைசி வரியில் ஏதோ எழுதி நானே அடித்திருக்கிறேன்,
என்னவென்று இப்போது படிக்க முடியவில்லை.

தெமூலென் வெள்ளிநிற மெல்லிசு ஒன்றைத் திறக்கிறான்.
"இன்னும் சாய்" என்கிறேன்.
"இவ்வளவுதான் அக்கா."
"இன்னும்."
"உடைஞ்சிரும்."

உடையத்தான் உடைந்தது.

போன மார்ச், துந்த்கோவியில்,
பனி இறுகிப் புல்லுக்குப் பூட்டுப் போட்ட வருஷம்.
சோட்னோம்பிலின் கூடாரத்துக்கு வெளியே
ஆடுகள் விறைத்து அடுக்கி இருந்தன,
விறகு போல என்று எழுத வந்தது, எழுதவில்லை.
உள்ளே அடுப்புக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் அவரும் சென்தாயுஷும்.
நடுவில் நிமிர்ந்து நின்றது என் திரை.
பன்னிரண்டு வருஷ வேலையில்
எத்தனை பேர் அதன் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்,
என் கண் அசைவதை வைத்து
தங்கள் நஷ்டத்தைக் கணித்துக்கொண்டு.

டக்கென்று ஒரு சத்தம்.
கீல் விட்டுப்போய்த் திரை
மல்லாந்து விழுந்தது பெட்டியின் மேல்.
தூக்கினேன், நிற்கவில்லை.
மறுபடி தூக்கினேன்.
சென்தாயுஷ் உப்புத் தேநீரை நகர்த்தி வைத்து
இடம் பண்ணினாள்.

சோட்னோம்பில் குனிந்தார். தலைகீழாகவே படித்தார்.
வெடித்த விரல் ஒன்று
கண்ணாடியைத் தொடாமல் மேலே நின்றது.
"நூற்று எண்பத்தொன்று போட்டிருக்கிறாய்.
கொட்டகைக்குப் பின்னால் ஆறு. சினை ஆடுகள்.
பார்க்கவில்லையா நீ?"

பார்க்கவில்லை.
எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து
நூற்று எண்பத்தேழு என்று மாற்றினேன்.
அவர் தலையாட்டினார். நன்றி ஒன்றும் சொல்லவில்லை,
சொல்ல அதில் என்ன இருக்கிறது.

கீலை நான் சரிசெய்யவே இல்லை.
அலுவலகத்தில் மாவு டின்னில் சாய்த்து வைப்பேன்.
வெளியூரில் படுக்கப் போட்டுவிடுவேன்.

நாலாவது, சாம்பல் நிறம், கொஞ்சம் கனம்.
அப்பளக் கட்டை போல் தட்டையாகப் படுக்கிறது மேசையில்.
"எதிர்ப் பக்கம் வா தம்பி. என்ன தெரிகிறது?"
"விலை தெரியுது. தலைகீழா."
"போதும்."

எட்டு ஜிபிதான். புரெவ்டோர்ஜ் திட்டுவான்.
தவணைத் தாளில் கையெழுத்துப் போடும் முன்
அந்த எழுத்தை அழுத்திப் பார்க்கிறேன்.
பணம் என்று அடித்தேன். வந்தது.
கடன் என்று அடித்தேன்,
அதுவும் வந்தது.