பொது மீட்டர்

படைப்புக்கு வந்த கார்கள் மூன்று
பள்ளத்தூர் வீட்டு வாசலில் நிற்கின்றன.

சேவுகன் அண்ணனுடையது பெட்ரோல்.
"பங்க்கில் ரெண்டு நிமிஷம்.
எவன்கிட்டயும் கை நீட்ட வேண்டாம்"
பானெட்டைத் தட்டுகிறார்
காளையைத் தட்டுவதுபோல்.

உமையாளுடையது பேட்டரி.
கோவையிலிருந்து சத்தமில்லாமல் வந்தாள்.
கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாதென்று
வந்தவர் போனவர்க்கெல்லாம் போனில் கணக்குக் காட்டினாள்.
சரி, எங்கே செருகுவது?
பதினேழு பங்குக்கும் ஒரே மீட்டர்.

முகப்பில் நுழைந்து
வளவைக் கடந்து
இரண்டாம் கட்டுவரை வயரை இழுத்து
கிரைண்டர் பிளக்கை உருவினாள்.
பணியாரத்துக்கு ஆட்டிய மாவு
பாதியில் நின்றது.
"யூனிட்டு யார் தலையில?"
உள்ளேயிருந்து ஒரு குரல்.
வண்டியில் மிச்சம் பதினோரு சதவீதம்.

என்னுடையதில் இரண்டும் உண்டு.
ஊருக்குள் கரண்ட், நெடுஞ்சாலையில் பெட்ரோல்.
"அப்ப எதுதான்டா அது?" என்கிறார் அண்ணன்.
டேங்க்கையும் பேட்டரியையும் சேர்த்துச் சுமக்கும் கனம்
எனக்குத் தெரியும்.
கோட்டையூரில் பிறந்தவன்.
எட்டு வயதில் இந்த வீட்டுக்குப்
பிள்ளை கூட்டினார்கள்.
இரண்டு வீட்டிலும் எனக்கு இலை போடுகிறார்கள்.
இரண்டு வீட்டிலும் கேட்கிறார்கள்,
எப்போது கிளம்புகிறாய் என்று.

மாவு ஆட்டி முடிய மணி பத்து.
பிறகுதான் அவள் வயருக்கு இடம் கிடைத்தது.
என் வயரை நான் டிக்கியிலிருந்து எடுக்கவேயில்லை.

விடிந்ததும் செலவு நோட்டைப் பார்த்தேன்.
பூ, வெல்லம், வாழையிலைக்குக் கீழே
கோணல் எழுத்தில்:
"கார் வகைக்கு 31 யூனிட். பொது."
எழுதியவர்
சேவுகன் அண்ணன்.